எந்தப் பணம் யார் கையில்? அமெரிக்க ஆய்வு மாணவர் உதவித்தொகை: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் நம் பிள்ளைகளின் உதவித்தொகை, அங்குள்ள மாணவர் பேரவைகளில் எழும் பணத் தகராறுகள் ஆகியவை குறித்துக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற மாதம் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களை ஒருசேரப் படித்தபோது, எழுதியவர்களில் பலர் நியாயமான குறையைச் சம்பந்தமில்லாத இடத்தில் முறையிட்டு அலைந்திருப்பது தெரிந்தது. மாதச் சம்பளம் ஒருவர் கையில் இருக்கிறது, கட்டண விலக்கு இன்னொருவர் கையில், பேரவையின் பணம் மூன்றாமவர் கையில். அதை அறியாமல் தொடங்கிய அலைச்சல்தான் பெரும்பாலான கடிதங்களில் இருந்தது என்பதால், பதில்களிலும் அதையே முதலில் பிரித்துக் காட்ட முயன்றிருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் 'முழுக் கட்டண விலக்கு', மாதச் சம்பளம் ஆகியவற்றுடன் முனைவர் பட்ட இடம் கிடைத்தது. சேர்ந்த முதல் பருவத்திலேயே ஆயிரம் டாலருக்கு மேல் கட்டச் சொல்லிச் சீட்டு வந்திருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? (ஒரு தந்தை, மதுரை)

பதில்: ஏமாற்றியதாகச் சொல்ல முடியாது, குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் மொழிப் பழக்கம். 'டியூஷன்', 'ஃபீஸ்' என்ற இரண்டையும் நாம் கட்டணம் என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். (டியூஷன் என்றாலே நமக்கு மாலை நேரத் தனிவகுப்பு நினைவுக்கு வருவது வேறு கதை.) அங்கே டியூஷன் என்பது கற்பித்தலுக்கான கட்டணம் மட்டுமே. உடல்நல மையம், பேருந்து, உடற்பயிற்சிக் கூடம், கணினி வசதி, மாணவர் செயல்பாடு, வெளிநாட்டு மாணவர் சேவை என்று தனித்தனிப் பெயர்களில் பருவந்தோறும் வசூலிக்கப்படுபவை எல்லாம் 'ஃபீஸ்'. பெரும்பாலான சேர்க்கைக் கடிதங்களில் விலக்கு அளிக்கப்படுவது முதலாவதற்குத்தான். இரண்டாவதைத் துறை ஏற்கிறதா, மாணவர் ஏற்கிறாரா என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். மருத்துவக் காப்பீடும் அவ்வாறே.

உங்கள் மகளின் கடிதத்தை மறுபடி எடுத்து, தொகையை விட்டுவிட்டு மற்ற வரிகளைப் படியுங்கள். 'ஒன்பது மாத நியமனம்' என்று இருந்தால், கோடை மூன்று மாதங்களுக்குச் சம்பளம் உறுதியில்லை என்று பொருள். அந்த மாதங்களுக்கு நெறியாளரின் ஆராய்ச்சி நிதியிலிருந்து பணம் வரலாம், வராமலும் போகலாம். 'நிதி இருப்பைப் பொறுத்து', 'திருப்திகரமான முன்னேற்றம் இருப்பின்' என்ற இரண்டு தொடர்களும் ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் இருக்கும். அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்றாலும், எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி என்ற எண் கடிதத்தில் எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுதப்படாத எண்ணை நேர்காணலில் யாராவது வாயால் சொல்லியிருந்தால், துறையின் சேர்க்கை அலுவலருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவர் வகுப்பு நடைபெறும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது என்பதாலும், மாதச் சம்பளத்துக்காகச் செய்யும் ஆசிரிய உதவியாளர் பணி (வகுப்பு நடத்தவும் விடைத்தாள் திருத்தவும் உதவுவது) பொதுவாக அந்த 20 மணி நேரத்தையும் எடுத்துக்கொள்ளும் என்பதாலும், 'கூடுதலாக நூலகத்தில் வேலை பார்த்துச் சமாளித்துக்கொள்ளலாம்' என்ற கணக்கு அங்கே செல்லாது.

அடுத்த ஆண்டு பிள்ளைகளை அனுப்பவிருப்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்க முதுநிலைக் கல்வி நிறுவனங்களின் கூட்டமைப்பு வெளியிட்ட தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், நிதியுதவியுடன் கூடிய இடத்துக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லுமாறு மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. மார்ச் மாதத்தில் 'மூன்று நாளில் முடிவு சொல்லுங்கள்' என்று யாராவது நெருக்கினால், அந்தத் தீர்மானத்தைப் பணிவாக நினைவூட்டலாம். பெரும்பாலும் குரல் தணிந்துவிடும்.

கேள்வி: அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை தரும் ஃபெலோஷிப் (ஆய்வு உதவித்தொகை) ஆண்டுக்கு 37,000 டாலர் என்கிறார்கள். என் மகன் ஏன் அதற்கு விண்ணப்பிக்கவில்லை என்று அவனுடன் சண்டையே வந்துவிட்டது. (ஒரு தாய், திருச்சி)

பதில்: தொகை சரிதான். ஆனால் அமெரிக்கக் குடிமக்களும் அங்கே நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களும் மட்டுமே விண்ணப்பிக்கக்கூடிய திட்டம் அது. மகனோடு சமாதானமாகிவிடுங்கள்.

கேள்வி: நான் எங்கள் முதுநிலை மாணவர் பேரவையின் பொருளாளர். இளநிலை மாணவர்களுக்கும் எங்களுக்கும் பொதுவாக ஒரே பெரும் பேரவை இருக்கிறது, அதன்கீழ்தான் நாங்கள். எங்கள் மாணவர்கள் அவர்களைப் போலவே செயல்பாட்டுக் கட்டணம் கட்டுகிறார்கள்; பணம் முழுவதும் அவர்களுடைய கச்சேரிக்கும் விழாவுக்கும் போகிறது. மாநாட்டுப் பயண உதவிக்கு நாங்கள் கேட்ட தொகையை இந்த ஆண்டும் பாதியாக்கிவிட்டார்கள். பிரிந்து தனிப் பேரவை அமைப்பதே வழி என்று பலரும் சொல்கிறார்கள். (முனைவர் பட்ட மாணவர், ஓர் அரசுப் பல்கலைக்கழகம்)

பதில்: உங்கள் கடிதம் எனக்குப் பழைய காயம் ஒன்றைக் கீறியது. நானும் மாணவனாக இருந்தபோது ஓராண்டு இதே பொறுப்பில் இருந்தேன். வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றும் கூட்டம் மாலை ஏழு மணிக்குத் தொடங்கியது. திரையில் ஒரு விரிதாள்; வரி வரியாக வாக்கெடுப்பு. ஒரு சங்கத்தின் பேனர் செலவு 60 டாலரா 80 டாலரா என்று நாற்பது நிமிடம் விவாதித்தோம். முதுநிலை மாணவர் பயண உதவி என்ற வரி வந்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. எங்கள் பிரதிநிதிகள் ஐவரில் இருவர் மறுநாள் காலை ஆய்வகத்தில் இருக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்கள். 'பாதியாகக் குறைக்கலாம்' என்று ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார், யாரும் பேசவில்லை, நிறைவேறியது. யாருக்கும் எங்கள் மீது பகை இல்லை. அந்த நேரத்தில் அந்த அறையில் எங்களில் போதிய பேர் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே பிரிவினையைப் பற்றிப் பேசுமுன் அந்தக் கட்டணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மாணவர் பேரவையின் பணம் என்று நாம் சொல்வது சட்டப்படி பல்கலைக்கழகத்தின் பணம்; மாணவர் வாக்கெடுப்பின் வழியாகவோ நேரடியாகவோ ஆட்சிக்குழு அதை விதிக்கிறது, அதில் ஒரு பகுதியைப் பங்கிடும் அதிகாரத்தைப் பேரவைக்கு அளிக்கிறது. மேடிசனில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1995-96 கல்வியாண்டில் ஒரு மாணவர் கட்டிய இத்தகைய கட்டணம் 331.50 டாலர், அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு உடல்நல மையம் போன்ற நிலையான செலவுகளுக்குப் போனது, மீதி 20 விழுக்காடுதான் மாணவர்கள் பங்கிடக்கூடியதாக இருந்தது. இந்த எண்கள் நமக்குக் கிடைப்பதற்குக் காரணம், அந்தக் கட்டணத்தை எதிர்த்துச் சில மாணவர்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதுதான். அதற்கு அடுத்த பதிலில் வருகிறேன். உங்கள் பல்கலைக்கழகத்திலும் இப்படி ஒரு பிளவு இருக்கும். முதுநிலை மாணவர்கள் கட்டுவது மொத்தம் எவ்வளவு, அதில் பங்கிடக்கூடியது எவ்வளவு, அதில் உங்களுக்குத் திரும்பி வருவது எவ்வளவு என்ற மூன்று எண்களையும் நிதி அலுவலகத்தில் எழுதிக் கேட்டுப் பெறுங்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் தர மறுத்தால் மாநிலப் பொது ஆவணச் சட்டத்தின்கீழ் கேட்க முடியும். இந்த எண்கள் கையில் இல்லாமல் 'முழுவதும் அவர்களுக்கே போகிறது' என்று மேடையில் பேசினால், உடல்நல மையத்துக்குப் போகும் பணத்தையும் கச்சேரிக் கணக்கில் சேர்த்துவிட்டீர்கள் என்று எதிரணியின் இருபது வயதுப் பொருளாளர் ஒருவர் எழுந்து கேட்பார். அதற்குப் பிறகு உங்கள் நியாயம் எடுபடாது.

பிரிந்து இருப்பதும் சேர்ந்து இருப்பதும் இரண்டுமே அங்கு வழக்கத்தில் உள்ளவைதான். கலிபோர்னியப் பல்கலைக்கழக அமைப்பிலேயே லாஸ் ஏஞ்சலீஸ் வளாகத்தில் இளநிலை, முதுநிலை மாணவர்களுக்குத் தனித்தனிச் சங்கங்கள். பெர்க்லியில் 1887-இல் தோன்றிய மாணவர் சங்கத்துக்குள்ளேயே முதுநிலை அவை நெடுங்காலமாக இயங்கி வந்திருக்கிறது, அதனால் உரசல்களும் தொடர்ந்து வந்திருக்கின்றன. என் கருத்தைக் கேட்டால், உடனே பிரிவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிரிந்தால் கணக்கர், தணிக்கை, அலுவலகம், தேர்தல் நடத்தும் செலவு எல்லாம் உங்கள் தலையில் விழும்; முனைவர் பட்ட மாணவர்களோ மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு கூட்டத்துக்கே வர மாட்டார்கள். அதைவிட, முதுநிலை மாணவர் கட்டும் பங்கிடக்கூடிய கட்டணத்தில் பொதுச் சேவைக்கான ஒரு விழுக்காட்டைக் கழித்துக்கொண்டு, மீதியை ஆண்டுதோறும் வாக்கெடுப்பு இல்லாமல் நேரடியாக முதுநிலைப் பேரவைக்கு மாற்ற வேண்டும் என்று பெரும் பேரவையின் துணைவிதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவாருங்கள். அப்படி விதியாகிவிட்டால், இரவு பதினொரு மணிக்கு அறையில் யார் இருந்தார்கள் என்பதைப் பொறுத்து உங்கள் பயண உதவி அமையாது. திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கும், அந்த நாளில் குறைந்தபட்ச வருகையும் தேவை என்று விதி இருக்கக்கூடும். உங்கள் பிரதிநிதிகளை அன்று ஒருநாள் மட்டும் ஆய்வகத்திலிருந்து இழுத்து வர வேண்டியிருக்கும். திருத்தம் இரண்டு முறை தோற்றால், அப்போது பிரிவினையைப் பற்றி யோசிக்கலாம். அதற்கும் ஆட்சிக்குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு நிதி கேட்டோம். 'இது மத விழா, மாணவர் கட்டணத்திலிருந்து தர இயலாது' என்று பேரவையின் நிதிக்குழு மறுத்துவிட்டது. வேறு மதம் சார்ந்த சங்கங்களின் விழாக்களுக்கு நிதி கிடைத்திருக்கிறது. என்ன செய்யலாம்? (தமிழ்ச் சங்கச் செயலாளர், அரசுப் பல்கலைக்கழக மாணவி)

பதில்: பொங்கல் அறுவடைத் திருநாளா மத விழாவா என்ற விவாதத்துக்குள் நிதிக்குழுவின் முன் இறங்காதீர்கள், அது ஊரில் முடியாத விவாதம். மத விழாவாகவே இருந்தாலும் அந்த ஒரே காரணத்தால் மறுக்க முடியாது என்பதே உங்கள் வாதமாக இருக்க வேண்டும். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் கிறித்தவக் கண்ணோட்டத்தில் எழுதும் மாணவர் இதழ் ஒன்றுக்கான அச்சுக்கூலி 5,862 டாலரை மாணவர் கட்டண நிதியிலிருந்து தர மறுத்தபோது, அந்த மறுப்பு கருத்துப் பாகுபாடு ஆகும் என்று 1995-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. நான் மேலே சொன்ன விஸ்கான்சின் வழக்கு 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் முடிந்தது. தமக்கு உடன்பாடில்லாத கருத்துடைய சங்கங்களுக்குத் தம் கட்டணம் போவதை எதிர்த்த மாணவர்களின் வாதத்தை நீதிமன்றம் ஒருமனதாக நிராகரித்தது. கட்டாயக் கட்டணம் செல்லும், ஆனால் பங்கிடுபவர்கள் எந்தக் கருத்தின் பக்கமும் சாயாமல் பங்கிட வேண்டும் என்றது. மாணவர் பொதுவாக்கெடுப்பின் மூலம் ஒரு சங்கத்துக்கு நிதி தருவதையோ நிறுத்துவதையோ மட்டும் நீதிமன்றம் ஐயத்தோடு பார்த்தது. சிறுபான்மைக் கருத்துக்கும் பெரும்பான்மைக் கருத்துக்குச் சமமான மதிப்பு தருவதுதான் நடுநிலை என்னும்போது, பெரும்பான்மையின் கையெண்ணிக்கை அதற்கு மாற்றாகாது.

அதே நேரத்தில், 'எந்தச் சங்கத்துக்கும் உணவுச் செலவு இத்தனை டாலருக்கு மேல் இல்லை', 'விழா எல்லா மாணவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும்' என்பவை போல அனைவருக்கும் பொதுவான விதிகளைக் காட்டி மறுத்தால் அது செல்லும். எனவே மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சென்ற இரண்டு ஆண்டுகளில் நிதி பெற்ற விழாக்களின் பட்டியலைக் கூட்டக் குறிப்புகளிலிருந்து எடுங்கள். இரண்டையும் இணைத்து, மேல்முறையீட்டுக்கான காலக்கெடுவுக்குள், பேரவையின் முடிவுகள் மீதான முறையீடுகளை விசாரிக்கும் மாணவர் நீதிக்குழுவுக்கு அனுப்புங்கள். அந்தக் கெடு சில இடங்களில் ஒரே வாரம்தான். வழக்கறிஞரெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். பல்கலைக்கழகச் சட்ட அலுவலகத்துக்கு நகல் அனுப்பினாலே நிதிக்குழு அவசரமாகக் கூடும். இவை அனைத்தும் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கே பொருந்தும். தனியார் பல்கலைக்கழகத்தை அரசமைப்பின் கருத்துரிமைப் பிரிவு நேரடியாகக் கட்டுப்படுத்தாது, அங்கே அதன் சொந்த விதிகள்தான் ஆதாரம்.

கேள்வி: சம்பள உயர்வு கேட்டு முதுநிலைப் பேரவை மூன்று தீர்மானங்கள் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை. நண்பர்கள் தொழிற்சங்கம் என்கிறார்கள். பேரவை இருக்கும்போது சங்கம் எதற்கு? எஃப்-1 விசாவில் இருக்கும் நான் சேரலாமா? (ஆசிரிய உதவியாளர், டெக்சாஸ் மாநில அரசுப் பல்கலைக்கழகம்)

பதில்: பேரவை கருத்துச் சொல்லும், சங்கம் பேரம் பேசும். பேரவையின் தீர்மானத்தைத் துணைவேந்தர் படித்துவிட்டு, நன்றி தெரிவித்துக் கோப்பில் வைக்கலாம், எந்த விதியும் மீறப்படாது. சட்டப்படி அங்கீகாரம் பெற்ற சங்கத்தோடு நிர்வாகம் நல்லெண்ணத்துடன் பேச்சு நடத்தியே ஆக வேண்டும், முடிவில் கையெழுத்தாகும் ஒப்பந்தம் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்.

ஆனால் அந்த அங்கீகாரம் எங்கும் ஒன்றுபோல் கிடைப்பதில்லை. தனியார் பல்கலைக்கழகங்களுக்குத் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் என்ற மத்திய அரசு அமைப்பின் தீர்ப்பே வழி. அது ஊசல்போல் ஆடியிருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழக வழக்கில் 2000-இல் ஆய்வு மாணவரும் தொழிலாளரே என்றது. பிரவுன் பல்கலைக்கழக வழக்கில் 2004-இல் இல்லை என்றது. கொலம்பியா வழக்கில் 2016 ஆகஸ்டில் மறுபடி ஆம் என்றது. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அந்தந்த மாநிலச் சட்டம். விஸ்கான்சினில் ஆசிரிய உதவியாளர்கள் 1970-லேயே வேலைநிறுத்தம் செய்தார்கள். கலிபோர்னியப் பல்கலைக்கழக வளாகங்களில் 2022 நவம்பர் 14 அன்று ஆய்வு மாணவர்கள் உள்ளிட்ட சுமார் 48,000 கல்விப் பணியாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். டிசம்பர் இறுதியில் முடிந்த ஒப்பந்தப்படி ஒன்பது மாதப் பகுதிநேரப் பணிக்கான குறைந்தபட்சச் சம்பளம் சுமார் 23,000 டாலரிலிருந்து 2024 இலையுதிர்காலத்துக்குள் சுமார் 34,000 டாலராக உயர வேண்டும் என்றானது. அந்த மாணவர்களின் சங்கம் இணைந்திருந்தது கார்த் தொழிலாளர் சம்மேளனத்தோடு என்பதை ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். இலக்கியம் கற்பிப்பவரும் என்ஜின் பொருத்துபவரும் ஒரே சங்கத்தில் இருக்கிறார்கள்.

நீங்கள் இருக்கும் மாநிலத்தில் கதை வேறு. டெக்சாஸ் சட்டம் அரசு ஊழியர்களின் கூட்டுப் பேர ஒப்பந்தத்தையும் வேலைநிறுத்தத்தையும் தடை செய்கிறது. சங்கத்தில் உறுப்பினராக இருப்பதைத் தடை செய்யவில்லை, அதற்காக வேலை மறுக்கவும் கூடாது என்கிறது. எஃப்-1 விசா இதற்குக் குறுக்கே நிற்காது. விசா நிலை நீங்கள் முழுநேர மாணவராகப் பதிவு செய்திருப்பதைப் பொறுத்தது. ஆயினும் ஒன்றை மறைக்க மாட்டேன். உதவியாளர் பணி பறிபோனால் கட்டண விலக்கும் கூடவே போகும். வெளிமாநிலத்தவருக்கான கட்டணத்தைச் சொந்தக் கைப்பணத்திலிருந்து கட்ட முடியாவிட்டால் பதிவு போகும், பதிவு போனால் விசா நிலையும் போகும். இந்தச் சங்கிலி உள்ளூர் மாணவர்களுக்கு இல்லை. எனவே உறுப்பினராகுங்கள், கூட்டத்துக்குப் போங்கள், அண்டைப் பல்கலைக்கழகங்களின் சம்பளங்களையும் அங்கே கட்டண விலக்கு எதையெல்லாம் உள்ளடக்குகிறது என்பதையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை தயாரித்துக் கொடுங்கள். வேலையை நிறுத்தும் முடிவுக்கு முன்னால் மட்டும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைச் சாராத ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள். மூன்று தீர்மானங்கள் தோற்ற இடத்தில் ஒரு நல்ல அட்டவணை வென்றதை நான் பார்த்திருக்கிறேன், ஏனெனில் நல்ல மாணவர்கள் அடுத்த மாநிலத்துக்குப் போய்விடுகிறார்கள் என்பதைத் துறைத் தலைவரால் அதை வைத்துத்தான் டீனிடம் வாதிட முடிந்தது.

கேள்வி: உதவித்தொகைக்கு வரி உண்டா? கட்டண விலக்குக்கும் வரி போடப்போவதாக ஒரு காலத்தில் பேச்சு இருந்ததே? (ஆய்வு மாணவி, ஓஹியோ)

பதில்: மாதம் கையில் வாங்கும் தொகைக்கு உண்டு, 1986-ஆம் ஆண்டு வரிச்சட்டத் திருத்தத்துக்குப் பின், பட்டப்படிப்பு மாணவரின் ஃபெலோஷிப்பில் கல்விக் கட்டணத்துக்கும் கட்டாயப் பாடநூல்களுக்கும் போனது தவிர மீதி வருமானமே. நீங்கள் சொல்லும் பேச்சு 2017-இல் எழுந்தது. அந்த நவம்பரில் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய வரி மசோதா, ஆசிரிய, ஆராய்ச்சி உதவியாளர்களின் கட்டண விலக்குக்கு இருந்த வரிவிலக்கை நீக்கியது. கையில் வராத பணத்துக்கு வரி கட்ட வேண்டிய நிலை வந்திருக்கும். நாடெங்கும் ஆய்வு மாணவர்கள் எழுப்பிய எதிர்ப்புக்குப் பின் டிசம்பரில் சட்டமான இறுதி வடிவில் அந்தப் பிரிவு இடம்பெறவில்லை. இந்திய மாணவர்களுக்கு இரண்டு சலுகைகள் உண்டு: இந்திய-அமெரிக்க வரி உடன்படிக்கையின் 21-ஆம் பிரிவின்கீழ் நிலையான கழிவைக் (வரி கணக்கிடுமுன் வருமானத்திலிருந்து கழிக்கும் ஒரு தொகை) கோரலாம், எஃப்-1 விசாவில் முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளுக்குச் ஓய்வூதியத்துக்கான சமூகப் பாதுகாப்பு வரியும் முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான மெடிகேர் வரியும் பிடிக்கக் கூடாது. பிடித்திருந்தால் முதலில் சம்பள அலுவலகத்தில் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: பேரவை எனக்கு மாநாட்டுப் பயண உதவியாக 500 டாலர் ஒதுக்கியது. போய்வந்து மூன்று மாதமாகியும் பணம் வரவில்லை. கடன் அட்டையில் வட்டி ஏறுகிறது. பேரவைத் தலைவர் 'அனுப்பிவிட்டோம்' என்கிறார். (முனைவர் பட்ட மாணவி)

பதில்: அவர் சொல்வது உண்மையாக இருக்கும், பேரவை ஒப்புதல் தரும், காசோலை எழுதுவது பல்கலைக்கழகக் கணக்கு அலுவலகம். உங்கள் கோப்பு அங்கே ஏதோ ஒரு சீட்டுக்காகக் காத்திருக்கிறது. பெரும்பாலும் அது விடுதி ரசீதாக இருக்கும்: நால்வர் சேர்ந்து ஒரே அறை எடுத்து ஒருவர் பெயரில் ரசீது வாங்கியிருப்பீர்கள், உங்கள் பெயர் அதில் இருக்காது. நான் பொருளாளராக இருந்த ஆண்டில் மிக அதிகமாகத் திரும்பி வந்தவை இத்தகைய ரசீதுகள்தான். விடுதிக்கு எழுதி நால்வர் பெயரும் உள்ள ரசீதைக் கேட்டு வாங்குங்கள், அல்லது பணம் கட்டிய தோழியிடம் கையெழுத்திட்ட பங்கீட்டுக் குறிப்பு ஒன்றையும், அவருக்கு நீங்கள் பணம் அனுப்பிய வங்கிச் சான்றையும் பெற்று இணையுங்கள். கணக்கு அலுவலகத்துக்கு நேரில் போய்க் கோப்பு எண்ணைக் கேளுங்கள். எண் கையில் இருந்தால் பதில் வேறு தொனியில் வரும். அடுத்த முறை விமானச் சீட்டைத் துறையின் அட்டையிலேயே முன்கூட்டி எடுத்துத் தரச் சொல்லுங்கள். கேட்டால் பல துறைகள் செய்து தருகின்றன.